மூன்று நிமிட மணி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. என் அத்தானைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் அக்காவைக் கட்டியவர். சட்டமன்றத்தில் இருபத்தாறு வருடமாக மணி அடிப்பவர். அங்கே 'மூணு நிமிஷம்' என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

நானும் அதே கட்டடம்தான். கீழ்த்தளத்தில் அச்சுப் பிரிவு, மெய்ப்புத் திருத்தும் வேலை. அவையில் யார் எதைப் பேசினாலும் தாளாகி என் மேசைக்கு வந்துவிடும். ஒற்று விட்டுப்போயிருந்தால் போடுவேன். உண்மை விட்டுப்போயிருந்தால் அது என் பிரிவு இல்லை.

எங்கள் மாநிலம் கையகலம். இந்தக் கோடியில் பஸ் ஏறினால் அந்தக் கோடியில் இறங்க ஒன்றரை மணி நேரம், நடுவில் டிரைவர் டீ குடிப்பதையும் சேர்த்து. இதற்கு முப்பது தொகுதி, முப்பது உறுப்பினர்கள். முப்பதில் ஆறு பேர் அமைச்சர்கள். ஒருவர் சபாநாயகர், ஒருவர் துணை சபாநாயகர், ஒருவர் கொறடா. இன்னும் மூன்று பேரை வாரியத் தலைவராக்கிக் கார் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் தாவிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களை வைத்து எல்லாக் குழுக்களையும் ஒப்பேற்ற வேண்டும். பெரிய மாநிலத்துக்கு எத்தனை குழுவோ அத்தனையும் எங்களுக்கும் உண்டு, அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரே ஆள் நாலு குழுவில் இருப்பார். ஒருமுறை மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழுவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. இரண்டிலும் அதே ஐந்து பேர். கேட்டவர்களே பதிலும் எழுதினார்கள், அதையும் நாலு மாதம் கழித்து. இரண்டுக்கும் நான்தான் மெய்ப்புப் பார்த்தேன்.

அவை நடக்க வேண்டுமென்றால் உள்ளே குறைந்தது பத்துப் பேர் இருக்க வேண்டும். சபாநாயகரையும் சேர்த்துப் பத்து. ஒன்று குறைந்தாலும், அதை யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து சொல்லிவிட்டால், மணி அடித்து ஆள் கூப்பிட வேண்டும். யாரும் வாயைத் திறக்காவிட்டால் நாலு பேரை வைத்துக்கொண்டும் சட்டம் போடலாம். போட்டிருக்கிறார்கள்.

அந்த மணிதான் அத்தானின் வேலை. அவையின் வாசலை ஒட்டி, தூணுக்குப் பின்னால், பீரோ வைக்கிற அளவில் ஓர் இடுக்கு. அதில் ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு சிவப்பு விளக்கு, அதன் கீழே ஒரு கறுப்புப் பொத்தான். சபாநாயகர் தன் மேசையில் விசையைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும். அத்தான் பொத்தானை அழுத்துவார். கேன்டீன், நூலகம், அமைச்சர்களின் அறைகள், கழிவறை, எல்லா இடத்திலும் மணி அலறும். விரலை எடுத்தால் நின்றுவிடும். அவ்வளவுதான் இயந்திரம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அப்போதைய பேரவைச் செயலர் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, "மூணு நிமிஷம் அடிக்கணும். அதுக்கு மேல ஒரு வினாடி கூடாது. புரிஞ்சுதா?" என்றாராம். அத்தானுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கினார். இன்றுவரை கையில் கிடப்பது அதுதான். ஆளுங்கட்சி ஐந்து முறை மாறியது. நம்பிக்கை வாக்குக் கேட்ட ஒரு முதலமைச்சர், எண்ணிக்கை வராமல், அவையில் இருக்கும்போதே ஆட்சியை இழந்தார், பத்தாவது ஆள் படிக்கட்டில் ஓடி வந்துகொண்டிருந்தார். அன்றைக்கும் அத்தான் மூன்று நிமிடத்தில் விரலை எடுத்தார். இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் திட்டியிருக்கிறார்கள், அதனாலேயே இரண்டு கட்சிக்காரர்களும் அவரை மாற்றவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிதில் அக்கா கோபித்துக்கொண்டால் மூன்று நிமிடம் கெஞ்சுவாராம். அப்புறம் விட்டுவிட்டுப் போய்ப் பேப்பர் படிப்பாராம். "கெஞ்சுறதுக்குக்கூடக் கணக்கு வச்சிருக்கார்டா உங்க அத்தான்" என்று அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அக்கா சிரித்த காலம் அது.

அவர்கள் வீடு சட்டமன்றத்தின் பின்பக்கத் தெருவில் இருந்தது. நாற்பத்து மூன்று வீடுகள், முக்கால்வாசி எங்கள் அலுவலகத்துக் கடைநிலை ஆட்கள். ஓட்டுநர், தோட்டக்காரர், காவலர், பெருக்குகிறவர். அரசு நிலம், குடியிருப்புச் சீட்டு உண்டு, பட்டா கிடையாது. அத்தானின் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். வடக்கு ஜன்னலோரம் அக்காவின் தையல் மெஷின். அந்த ஜன்னலில் நாள் பூராவும் வெளிச்சம் ஒரே சீராக வரும், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவதற்கு அதைவிட இடம் கிடையாது என்பாள். அவைக் காவலர்களின் சீருடை அத்தனையும் அவள் கையால்தான். தெருப் பெண்களுக்கும் அவள்தான் தைப்பாள்.

வாசல் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவையில் வாக்கெடுப்பு என்றால் முன்பெல்லாம் உறுப்பினர்கள் எழுந்து இரண்டு கதவு வழியாகப் பிரிந்து போவார்கள். ஒன்றில் 'ஆம்' என்று எழுதியிருக்கும், மற்றதில் 'இல்லை'. பிறகு பொத்தான் வைத்து வாக்களிக்கும் மேசைகள் வந்தன, கதவுகளைக் கழற்றி ஏலம் விட்டார்கள். 'ஆம்' கதவை அத்தான் எடுத்தார். தேக்கு, ஒற்றைக் கதவு, இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். நிலையை அதற்கென்று உடைத்து அகலமாக்கி, தன் கையாலேயே சிமென்ட் பூசி மாட்டினார். எழுத்தை அழிக்கவில்லை. தெருவில் 'ஆம் வீடு' என்றே பெயர் வந்துவிட்டது. கடன் கேட்டு வருகிறவர்கள் கதவைக் காட்டி, "அண்ணே, போர்டுலயே பதில் போட்டிருக்கீங்களே" என்பார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டைத்தான் வளர்த்தார்கள்.

அந்தத் தெருவின் மேல்தான் கண் விழுந்தது. உறுப்பினர்கள் தங்குவதற்கு விடுதி கட்டப் போகிறார்களாம், நாலு மாடி, கார் நிறுத்தும் இடத்தோடு. எனக்கு அந்த உத்தரவு மெய்ப்புக்கு வந்தபோது வயிறு எரிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிப் படுக்கக்கூடியவர்களுக்கு எதற்கு விடுதி? முப்பது பேரில் பதினோரு பேருக்கு இந்த ஊரிலேயே சொந்த வீடு இருக்கிறது, சிலருக்கு இரண்டு வீடு. ஒன்றுக்கு மனைவி பெயர், இன்னொன்றைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

தெருக்காரர்கள் சேர்ந்து மனுக்கள் குழுவுக்கு ஒரு மனு எழுதினார்கள். சாதாரண மனுஷன் சட்டமன்றத்தில் தன் குறையைச் சொல்ல அந்த ஒரு குழுதான் வழி. அதற்குத் தலைவியாக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றவர். எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். நான் யாரையும் லேசில் மெச்ச மாட்டேன், அவரை மெச்சுவேன். கூட்டத்துக்கு ஆள் வராத குழுவை ஒவ்வொருவருக்கும் தானே போன் போட்டு வரவழைத்தார். ஒருநாள் கையில் டேப்போடு தெருவுக்கே வந்து அளந்தார். நூலகத்துக்குப் பின்னால் பழைய கார் கொட்டகை இருந்த இடம் சும்மா கிடக்கிறது, விடுதியை அங்கே கட்டலாம், தெருவைத் தொட வேண்டியதில்லை என்று அறிக்கை எழுதினார். 'ஆம் வீட்டில்' உட்கார்ந்து அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "அறிக்கை அவையில ஏத்துக்கிட்டா உங்க வீட்டை யாரும் அசைக்க முடியாதும்மா" என்றார்.

"ஏத்துக்கலேன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"சபை கலையிறதுக்கு முன்னாடி ஏத்துக்கணும். கலைஞ்சிட்டா நிலுவையில இருக்கிற எல்லாமே செத்துப்போகும். மறுபடி முதல்லேருந்து மனு குடுக்கணும். அதுக்குள்ள இடிச்சிருவாங்க."

ஐந்து வருடம் முடியப் போகும் நேரம் அது. கடைசிக் கூட்டத்தொடர், அதிலும் கடைசி நாள், அதிலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அப்படிப்பட்ட இடத்தில் அறிக்கையைப் போட்டார்கள். ஆளுங்கட்சியில் கான்ட்ராக்டர் என்று ஓர் உறுப்பினர். ஊரில் எந்தக் கட்டடம் எழும்பினாலும் அவருடைய மச்சினன்தான் கட்டுவான். விடுதியையும் அவன்தான் கட்டுவதாக இருந்தது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தொகுதிக்குக் கிளம்பிவிட்டார்கள். தேர்தல் வருகிறதே, இனி ஜனங்களைப் பார்க்க வேண்டுமே. டீச்சரம்மா அறிக்கையை முன்மொழிய எழுந்தபோது உள்ளே எட்டு உறுப்பினர்களும் சபாநாயகரும். எண்ணினால் ஒன்பது. கான்ட்ராக்டர் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, அவையில போதிய எண்ணிக்கை இல்ல."

அந்த ஒன்பதில் அவரும் ஒருவர். எண்ணிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு அதே நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் காலைக் கூட்டத்தின் திருத்திய தாள்களைக் கொடுக்க வந்தவன், அத்தானின் இடுக்கருகே நின்றிருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். மணி கட்டடம் முழுக்க அலறியது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தில் மட்டும் வியர்வை.

அவை வாசலிலிருந்து கேன்டீன் வரைக்கும் நேரான நீள வராந்தா. அதன் கடைசியில் கை கழுவும் தொட்டி. ஒரு நிமிடம் போனது. யாரும் இல்லை. இரண்டு நிமிடம். ஒரு பியூன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். நான் வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை நிமிடம் ஆனபோது தொட்டிப் பக்கம் வெள்ளையாக ஒன்று நகர்ந்தது. தென்கோடித் தொகுதியின் கிழட்டு உறுப்பினர், எழுபத்தெட்டு வயது, நம்ம தெருவுக்கு ஆதரவான ஆள். டீச்சரம்மாவின் குழுவிலேயே இருந்தவர். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தவர், தடியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்து வர ஆரம்பித்தார். அவரால் முடிந்த வேகத்தில்தான் வந்தார், பாவம்.

"அத்தான், பெரியவர் வர்றார்" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், பாதி தூரம் வந்துட்டார். எடுக்காதீங்க. விரல எடுக்காதீங்க."

"மூணு ஆயிடுச்சு" என்றார். விரலை எடுத்தார்.

அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளே சபாநாயகர் தலைகளை எண்ணினார். அவருக்கும் ஊருக்குப் போக அவசரம். "எண்ணிக்கை இல்லாத காரணத்தால் அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் எழுந்த பிறகுதான் பெரியவர் வாசலுக்கு வந்தார். கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "முடிஞ்சிருச்சா?" என்று என்னைக் கேட்டார். மணி நின்று பதினெட்டு வினாடி. அத்தான்தான் அதையும் கணக்கெடுத்தார்.

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், இடம்தான் தடுத்தது. "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உங்க வீடுங்க அது" என்றேன்.

"என் வீடுங்கறதாலதான்டா மச்சான்" என்றார் மெதுவாக. "அடுத்தவன் ஆட்சி போறப்பவே நான் கூட்டி அடிக்கல. என் வீட்டுக்குன்னு வந்ததும் கூட்டி அடிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிட்டா, இருபத்தஞ்சு வருஷமும் நான் அடிச்சது பொய்யாயிடாதா?"

அசிங்கமாக ஏதாவது வாயில் வந்துவிடும் என்று கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டேன்.

அக்காவிடம் நடந்ததை அவரே போய்ச் சொன்னார். மறைக்கத் தெரியாத ஜென்மம். நானும் கூடப் போயிருந்தேன். அக்கா ஒரு காவலர் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமல் முழுவதும் கேட்டாள்.

"எத்தன வினாடி?"

"பதினெட்டு."

"பதினெட்டு வினாடிக்கு உங்க விரல் வலிச்சிருக்குமா?"

பல மாதத்துக்கு அதுதான் அவரிடம் அவள் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. அதன் பிறகு எல்லாம் என் வழியாகவோ சுவர் வழியாகவோதான். அவர் எதிரிலேயே நிற்கும்போது, "தம்பி, சாப்பாடு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு" என்பாள். நானும் ஏதோ தூர தேசத்துக்குச் சேதி சொல்கிறவன் மாதிரி ஒரு அடி தள்ளி நிற்கிற ஆளுக்குச் சொல்வேன். வேறு நேரமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

சபை கலைந்தது. அறிக்கை செத்தது. டீச்சரம்மா தேர்தலில் தோற்றார், நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில். கான்ட்ராக்டர் ஜெயித்தார், அதைச் சொல்லவா வேண்டும்.

அந்த நாட்களில்தான் நான் விதிப் புத்தகத்தை எடுத்தேன். செத்த அறிக்கைக்கு உயிர் கொடுக்க எங்காவது ஒரு சந்து பொந்து இருக்காதா என்று தேடினேன். இல்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. பதினான்காம் விதி. 'எண்ணிக்கைக் குறைவை உறுப்பினர் எவரேனும் சுட்டிக்காட்டினால், பேரவைத் தலைவர் மணி ஒலிக்கச் செய்வார். அதன் பின்னரும் எண்ணிக்கை நிறைவுறாவிட்டால் அவையை ஒத்திவைப்பார்.' அவ்வளவுதான். மூன்று நிமிடம் என்று எங்கேயும் இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். அடிக்குறிப்பு, பிற்சேர்க்கை, பிழைதிருத்தம், எதிலும் இல்லை. இந்தப் புத்தகத்துக்கு ஆறு பதிப்பாக நான்தான் மெய்ப்புப் பார்த்தவன். எழுத்தை எழுத்தாகப் பார்த்தேனே தவிர ஒரு நாளும் படிக்கவில்லை. என் தலையில் நானே கொட்டிக்கொண்டேன்.

எங்கள் பிரிவில் பழைய அச்சுக் கோப்பாளர் ஒருவர், ஓய்வு பெற்ற பிறகும் பொழுதுபோகாமல் வருவார். அவரைக் கேட்டேன். "மூணு நிமிஷமா? அது அந்தக் காலத்துச் செயலர் வச்ச வழக்கம்ப்பா" என்றார். "மணி அவரு ரூமுக்கு நேர் மேல இருந்துச்சு. அவருக்குக் காதுல ஏதோ கோளாறு. ரொம்ப நேரம் அடிச்சா வலிக்குதுன்னு மூணு நிமிஷத்தோட நிறுத்தச் சொன்னாரு. அவரு போயி இருபது வருஷம் ஆச்சே, இன்னுமா அப்படி அடிக்கிறாங்க?"

எவனுடைய காது வலிக்கோ என் அக்காவின் வீடு.

அந்தக் கோபத்தோடு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகத் தெருவுக்குப் போனேன், அத்தான் மூஞ்சியில் விட்டெறிய வேண்டுமென்றுதான். அத்தான் வாசலில் உட்கார்ந்து கதவின் கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இடிக்கிற தேதி ஒட்டியாகிவிட்டது, அவர் எண்ணெய் விடுகிறார். கழற்றும்போது திருகு உடையக் கூடாதாம். "வா மச்சான்" என்றார். நான் புத்தகத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். வந்த வேலையைக் கேட்டார். சும்மா வந்தேன் என்றேன்.

ஒரு காலைப் பொழுதில் நாற்பத்து மூன்று வீடும் போயின. மஞ்சள் இயந்திரம் இரண்டு வந்தது. அக்கா மெஷினை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக் கூடவே நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அத்தான் கடைசி வரைக்கும் நின்று பார்த்தார். அவர் வீட்டுக்கு நாலு நிமிடம் ஆனதாம்.

ஊருக்கு வெளியே, மூன்றாவது மாடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. சமையல் ஒரு மூலை, படுக்கை ஒரு மூலை. ஜன்னல் எதிர்க் கட்டடத்துச் சுவரைப் பார்த்திருக்கும், பகலிலும் விளக்குப் போட வேண்டும். அக்கா அங்கே கறுப்புத் துணி தைப்பதில்லை. தெருப் பெண்கள் ஆளுக்கொரு திக்காகப் போய்விட்டார்கள், தைக்க யார் வருவார்கள்? 'ஆம்' கதவை மாடிப்படியில் திருப்பக்கூட முடியவில்லை. கீழே வராந்தாவில் சாய்த்து வைத்தோம். வழியை அடைக்கிறது என்று வீட்டுக்காரர் மூன்று தடவை சத்தம் போட்டார். கடைசியில் மரக்கடைக்காரன் வந்து எழுத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

புதிய சபை கூடியது. புதிய சபாநாயகர். முதல் கூட்டத்தொடரிலேயே விடுதிக்குக் கூடுதல் நிதி கேட்டு ஒரு மானியக் கோரிக்கை வந்தது, நீச்சல் குளமும் சேர்த்து. அன்றைக்கும் மத்தியானம், அன்றைக்கும் உள்ளே ஏழு பேர். எதிர்க்கட்சியில் ஒருவர் எழுந்து எண்ணிக்கை இல்லை என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தான் அழுத்தினார், மூன்று நிமிடம் ஆனதும் விரலை எடுத்தார். உள்ளேயிருந்து அவைக் காவலர் ஓடி வந்தார்.

"எதுக்கு நிறுத்தின? ஐயா அடிக்கச் சொல்றார்."

"மூணு நிமிஷம் ஆயிடுச்சே."

"ஆள் வர்ற வரைக்கும் அடிக்கச் சொல்றார். அடி."

ஆட்கள் ஊருக்குள் ஒரு திறப்பு விழாவில் இருந்தார்கள். கார் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். அதுவரை அத்தான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். பதினோரு நிமிடம். பத்தாவது ஆள் வந்தார், மானியம் நிறைவேறியது, கான்ட்ராக்டர் மேசையைத் தட்டினார். அந்த மேசை தட்டலும் 'கரவொலி' என்று தாளாகி எனக்கு வந்தது.

சாயங்காலம் அத்தான் என் மேசைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கீழ்த்தளத்துக்கு வந்ததில்லை. வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு நிமிஷம் அடிக்க வச்சாங்க மச்சான்."

"கேள்விப்பட்டேன்."

"விதியில மூணுன்னுதானே இருக்கு? நீதானே அந்தப் புத்தகத்தப் பாக்குறவன். எனக்கு அந்தப் பக்கத்த மட்டும் காட்டு."

பழைய புத்தகம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அவருடைய முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். நான் இழுப்பறை மேல் கையை வைத்துக்கொண்டு, "பழசெல்லாம் திரும்ப வாங்கிட்டாங்க அத்தான். புதுப் பதிப்பு அச்சுக்குப் போயிருக்கு. ரெண்டு வாரத்துல வந்துரும், நானே கொண்டுவந்து காட்டுறேன்" என்றேன். பாதி உண்மை. புதிய சபைக்குப் புதிய பதிப்பு போடுவது வழக்கம், மெய்ப்பு என் மேசையில்தான் இருந்தது.

முப்பத்தொரு வருடத்தில் ஆசிரியர் எழுதாத ஒரு புள்ளியை நான் வைத்ததில்லை. அன்று வைத்தேன். பதினான்காம் விதியில், 'பேரவைத் தலைவர்' என்பதற்கும் 'மணி' என்பதற்கும் நடுவில் ஒரு செருகல் குறி போட்டு, ஓரத்தில் 'மூன்று நிமிடம்' என்று எழுதினேன். கோபத்தில் இருந்தேன்.

மாட்டிக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன். விதிகள் குழு என்று ஒன்று இருக்கிறது, ஏழு உறுப்பினர்கள், ஒவ்வொரு பதிப்பையும் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும். குழு கூடவில்லை. எண்ணிக்கை வரவில்லையாம். குழுத் தலைவர் தன் வீட்டிலேயே முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். செயலர் அதன் கீழே போட்டார். அரசிதழில் வந்தது. முப்பது பேருக்கும் தோல் அட்டை போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். இன்றுவரை ஒருவர் கேட்கவில்லை. இப்போது அது சட்டம். நாளைக்கு எவன் வீட்டை அது இடிக்குமோ, அதற்கும் நான்தான் பொறுப்பு.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்த மூன்றாவது மாடி அறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி யாருக்கோ தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தைப் பிரித்து அத்தானிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வரியின் மேல் வைத்துப் படித்தார். ஒரு தடவை. பிறகு கொஞ்சம் சத்தமாக, அக்காவுக்குக் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை.

"பழைய புத்தகத்துலயும் இப்படித்தானே இருந்துச்சு?"

"இப்படியேதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வினாடி முள்ளைப் பார்க்கிற அதே பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க அத்தான்."

மெஷின் நின்றது. அக்கா திரும்பினாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"சரி, அந்தப் புத்தகத்த எங்க வைக்கப் போறீங்க? இங்க வைக்கிறதுக்கு இடம் எங்க இருக்கு?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பாத்திரங்கள், மெஷின் மேல் துணி, ஜன்னல் மேடையில் அரிசி டப்பா. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்வரை அது அவர் மடியில்தான் இருந்தது.